எட்டு மணிப் பூ

— மஞ்சளா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு தாயி. சுத்தி வளைக்காத.

— மஞ்சளாத்தான் இருக்கு.

— ஒத்துக்கிட்டியா?

— கண்ணு முன்னாடி தெரியுறத ஒத்துக்காம என்ன செய்ய? மஞ்சள்தான். லேசா, வெண்ணெ கலர்ல. மொதல்ல உக்காருங்கண்ணே. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

— நான் உக்கார வரல. முத்துச்செல்விங்குறது நீதான? கனகலட்சுமி கல்யாண வீடியோவுக்குக் கலர் போட்டது?

— நான்தான். எடுத்தது வேற ஆளு, வெட்டி ஒட்டுனது வேற ஆளு, கலர் மட்டும் நான். நீங்க மாப்ள வீடா, பொண்ணு வீடா?

— பொண்ணுக்குத் தாய்மாமன். பேரு தங்கப்பாண்டி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல வந்து தங்கப்பாண்டி கடை எதுன்னு கேளு, பக்கத்துல வாழை எலை விக்கிறவன் கூடக் கை காட்டுவான். அந்த மேடையில தொங்குன பூவு, பொண்ணு மாப்ள கழுத்துல கெடந்த மாலை, அம்புட்டும் என் கையால கட்டுனது. விடிகாலைல பறிச்ச பூவு. அத நீ நேத்துப் பூவாக்கிட்ட.

— நேத்துப் பூவா?

— ஆமா. மல்லி மஞ்சளாத் தெரிஞ்சா நேத்துப் பூவுன்னு அர்த்தம். இந்த ஊர்ல கைப்பிள்ளைக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாதா? தலையில பூ வச்சதே இல்லையா நீயி?

— எனக்கு ஆகாதுண்ணே. தும்மல் வரும்.

— நல்லாருக்கு. பூ ஆகாதவகிட்டப் போயி எங்க பூவக் குடுத்துருக்கானுங்க.

— சரி, என்ன ஆச்சுன்னு வரிசையாச் சொல்லுங்க. கத்தாமச் சொல்லுங்க, கீழ டெய்லர் கடையில தலையத் தூக்கிப் பாக்குறாங்க.

— புதன்கெழம நீங்க அனுப்புன ரெண்டு நிமிசத் துண்டு வீடியோ இருக்குல்ல, அதச் சொந்தக்காரங்க குரூப்புல போட்டாங்க. நூத்துச் சொச்சம் பேரு இருக்க குரூப்பு. அஞ்சு நிமிசங் கூட ஆகல, மொக்கைச்சாமி அண்ணன் வாய்ஸ் மெசேஜ் போடுறாரு. மொக்கைச்சாமின்னா எங்க மச்சானோட அண்ணன். 'ஏப்பா, மாட்டுத்தாவணியில கடை வச்சிருக்கவன் மருமகளுக்கு நேத்துப் பூவுலயா மாலை கட்டுவான்?' அப்புடிங்குறாரு. அதுக்குக் கீழ பதினேழு சிரிப்புப் பொம்ம.

— ம்.

— இப்ப நீ என்னத்துக்குச் சிரிக்கிற?

— பொம்மைய எண்ணிருக்கீங்களே, அதுக்குத்தான்.

— எண்ணுவேன். பேரோட எண்ணிருக்கேன். மார்க்கெட்டுல காலைல கடையத் தொறந்தா முத்திருளன் கேக்குறான், 'என்ன மாப்ள, நேத்துப் பூ என்ன வெலை?'ன்னு. எனக்கு மொத்தமாப் பூ போடுறவனே கேக்குறான்.

— அவரு மொக்கைச்சாமி பேசுனாப் பேசிட்டுப் போறாரு. நான் கலர மாத்தித் திரும்ப அனுப்புறேன். அவ்வளவுதான் மேட்டரு.

— மொக்கைச்சாமி பேசுனது எனக்குக் காலு தூசி. எங்க அக்கா பேச மாட்டேங்குது தாயி. அதுதான் மேட்டரு.

— அக்கான்னா பொண்ணோட அம்மா? பாண்டீஸ்வரி அம்மா? அவங்கதான என்கிட்டப் பேசுறது. நல்லாத்தான பேசுறாங்க.

— ஒங்கிட்டப் பேசும். ஊர்ல எல்லார்ட்டயும் பேசும். எங்கிட்ட ஏழு வருசமாப் பேசல. கல்யாணத்தன்னைக்குத்தான் ஏதோ பேசுச்சு.

— என்ன பேசுனாங்க?

— 'சாப்ட்டுப் போ'ன்னுச்சு.

— அவ்வளவுதானா?

— ஏழு வருசத்துக்கு அது எனக்குப் போதும். நான் ரெண்டு தடவ பந்தியில உக்காந்தேன். வீடியோ வந்ததுக்குப் பெறகு அதுவும் போச்சு. ரெண்டு தடவ போன் போட்டேன், ரெண்டு தடவயும் கட் பண்ணிருச்சு. இப்பச் சொல்லு. நேத்துப் பூவக் கட்டி மகளுக்குப் போட்டவன்ட்ட எந்தத் தாயி பேசுவா?

— ஏழு வருசச் சண்டை எதுக்கு? கேக்கலாமா?

— கேளு. கேக்குறதுக்குக் காசா? வண்டியூர்ல அவங்க புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனாங்க. நான் சீர்த்தட்டுல ஒரு பட்டுச்சேலை வச்சுக் கொண்டு போனேன். நல்ல கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்ல கரை. நானாக் கடை ஏறி எறங்கி எடுத்தது. மச்சான் தட்டப் பாத்துட்டு எல்லார் முன்னாடியும் சொல்றாரு, 'இதக் கட்டிக்கிட்டு வெளிய போனா கிளி ஜோசியக்காரன் கூண்டுல பிடிச்சுப் போட்டுருவான்.' அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாங்க.

— அக்காவுமா?

— அதுதான் எனக்குத் தாங்கல. அதுவும் சிரிச்சுச்சு. தட்ட அப்புடியே வச்சுட்டு வந்துட்டேன். தண்ணி கூடக் குடிக்கல.

— சேலை?

— அந்த மாசமே பாத்திரக்காரன்ட்டப் போயிருச்சு. அந்த வீட்டுப் பட்டு பாத்திரக்காரன்ட்டப் போயி அண்டாவா வந்துருச்சுன்னு மொக்கைச்சாமி அண்ணன் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. பூ வாங்க வந்தவரு பூ வாங்காமப் போனாரு.

— பெறகு எப்படிக் கல்யாணத்துக்குப் போனீங்க?

— கனகா வந்தா. தனியாவே பஸ் ஏறி மார்க்கெட்டுக்கு வந்தா. 'மாமா, மாலை ஒங்க கையாலதான்'னா. மறுபேச்சுப் பேச முடியுமா? மூணு நாளு தூங்கல. நெலக்கோட்டைப் பக்கம் தெரிஞ்ச தோட்டம். விடியுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பறிச்சது. மொட்டு மொட்டா நானே பொறுக்குனேன். மாலை மேடைக்குப் போனது காலைல எட்டு மணிக்கு. நாளைக்கு மறுவீட்டு விருந்து. பெரிய டிவி வச்சு முழு வீடியோவையும் போடப் போறாங்களாம். மறுவாட்டி நூறு பேரு நேத்துப் பூவப் பாப்பான். நான் அங்க போக முடியாது. அக்கா கூப்புடவும் இல்ல.

— சரி. கேட்டுக்கங்க. தப்பு என்னுதுதான்.

— என்னது?

— பூவுல தப்பில்ல. கேமராவுல தப்பில்ல. நான் போட்ட கலர்ல தப்பு.

— இம்புட்டு லேசா ஒத்துக்கிட்டா நான் எப்புடித் தாயி சண்டை போடுறது? பஸ்ஸுல வரையில ஒத்தக்கடை வர யோசிச்சுட்டு வந்தேனே.

— சண்டைய அப்பறம் போடலாம். திரையப் பாருங்க. பழைய காலத்துல பிலிம் சுருள்ல படம் எடுத்தா ஒரு நெறம் வரும்ல? இப்பச் சுருள் கெடையாது. ஆனா எல்லாருக்கும் அந்த நெறம் வேணும். அதுனால அது மாதிரியே காட்டுற ஒரு பூச்ச மேல போடுவோம். பிலிம் லுக்கும்போம். அதப் போட்டா தோலு தங்கமாத் தெரியும், வெள்ளை வெண்ணெயாகும், பச்சை நீலத்துப் பக்கம் சாயும்.

— தோலு தங்கமாத் தெரியணும்னு யாரு கேட்டா?

— ஒங்க மாப்ள. நாலு தடவ கேட்டாரு.

— அவன் கறுப்புதான். கேப்பான். சரி, பூவுக்கு எதுக்குப் பூசுன?

— பூசுனா எல்லாத்துக்கும் சேத்துத்தான் விழும். அதுலயும் நான் ஒரு சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். போன மாசம் யானைமலை அடிவாரத்துல ஒரு ஜோடிக்கு, சாயங்கால வெயில்ல எடுத்ததுக்குச் செஞ்சு வச்ச கலரு. நல்லா வந்துச்சு. அதையே தூக்கி ஒங்க மண்டபத்துல போட்டேன். ஒரு ஆளுக்குத் தச்ச சட்டைய இன்னொரு ஆளுக்கு மாட்டுன மாதிரி.

— பாக்கையில தெரியலயா? கண்ணு இருக்குல்ல?

— இருட்டு ரூம்ல ஒரு மணி நேரம் மஞ்சளையே பாத்தாக் கண்ணுக்கு அதுதான் வெள்ளை. நான் மெட்ராஸ்ல ராத்திரி ஷிப்டு ரெண்டு வருசம் பாத்து, இந்தக் கண்ண நம்பக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஓடி வந்தேன். வந்தும் நம்பிட்டேன்.

— சரி விடு. வெள்ளையாக்கு.

— இருங்க. ஒரு தடவ தப்பாச் செஞ்சு காட்டுறேன். அப்பத்தான் அவசரப்பட மாட்டீங்க. இந்தா, பூச்சுக்கு மேலயே நீலத்த ஏத்துறேன். மஞ்சள் போகுதா?

— போகுது, போகுது! அட, அம்புட்டுத்தானா? வெள்ளை... ஏ, ஏ! நிப்பாட்டு! மாப்ளைக்கு என்ன ஆச்சு?

— நீலம் பாஞ்சிருச்சு.

— பொணமாட்டம் இருக்கான் தாயி! நாலு நாளு தண்ணிக்குள்ள கெடந்து எடுத்த மாதிரி. தாலி கட்டுற நேரத்துல! கலைச்சு விடு, கலைச்சு விடு.

— கலைச்சாச்சு. பாத்தீங்கல்ல? பூசுனதுக்கு மேல பூசுனா எல்லாம் கெட்டுப் போகும். திருத்துறத பிலிம் லுக்குக்கு முன்னாடி செய்யணும். மொதல்ல படத்த நேராக்கணும், அப்பறம் பூச்சு. அதுலயும் பூச்சப் பாதியாக் கொறைக்கணும். இப்பப் பூச்ச எடுத்துர்றேன். பயப்படாதீங்க, எல்லாம் சாம்பலா வரும்.

— அய்ய. சாம்பத்தண்ணி மாதிரி இருக்கு.

— கேமரா அப்படித்தான் எடுக்கும். இதுல இருந்துதான் எல்லாக் கலரையும் எடுப்போம். இங்க ஓரத்துல மூணு கோடு தெரியுதா? செவப்பு, பச்சை, நீலம். வெள்ளைன்னா மூணும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். என் கண்ணு பொய் சொன்னாலும் இது சொல்லாது.

— கோட்டுக்குப் பூவத் தெரியுமா?

— பூவத் தெரியாது. வெள்ளையத் தெரியும்.

— பூவத் தெரியாதுல்ல. அப்ப இத வச்சுக்க. கையோட கொண்டாந்திருக்கேன். வாழை எலையில சுத்தி ஈரத்துணியில வச்சிருக்கேன். இன்னைக்குக் காலைப் பூ.

— வேணாம்ணே, எனக்கு... ஹச்சு!

— ஆ! பாத்தியா?

— ஹச்சு! என்னத்தப் பாத்தேன்? ஹச்சு!

— நேத்துப் பூவா இருந்தா இம்புட்டுத் தும்மல் வருமா? ஒனக்குப் பொருந்தாட்டியும் ஒன் மூக்கு நல்ல மூக்கு தாயி. மார்க்கெட்டுல ஒன்னய உக்கார வச்சாப் பழைய பூ விக்கிற ஒருத்தன் பொழைக்க முடியாது.

— கொஞ்சம் தள்ளி வைங்க. அந்த வெள்ளை லைட்டுக்குக் கீழ வைங்க. ஆங், அங்க. இப்பத் திரையில இருக்க மாலையையும் அந்தப் பூவையும் மாத்தி மாத்திப் பாருங்க. கலர மாத்துற இந்தப் பந்த நான் உருட்டுறேன். எங்க ஒண்ணாத் தெரியுதோ அங்க சொல்லுங்க.

— உருட்டு.

— இப்ப?

— இது மறுநாள் காலைல பத்து மணி.

— என்ன பத்து மணி?

— பூவோட மணி. மறுநாள் பத்து மணிக்கு மல்லி இந்த நெறத்துலதான் இருக்கும். உருட்டு... இது மறுநாள் விடியக்காலம். உருட்டு. இது ராத்திரி, கோயில் நடை சாத்துற நேரம். நல்லா விரிஞ்சு கெடக்கும், ஓரத்துல மட்டும் ஒரு சோர்வு தெரியும்.

— அண்ணே, நெசமாவா சொல்றீங்க?

— பொய் சொல்ல இதென்ன தேர்தலா? உருட்டு. ஆறு மணி. பொம்பளைக வேலை விட்டு வந்து வாங்குற நேரம். உருட்டு. மதியம் மூணு... ஒண்ணு. ஏ, ஒரேயடியாத் தள்ளாத, பன்னெண்ட விட்டுட்ட. பதினொண்ணு. பத்தே முக்கால்.

— முக்காலா!

— மெல்ல, மெல்ல. ஒம்போது. எட்டு! நிப்பாட்டு! கைய எடு! எட்டு மணி. இதுதான். இது மேடைக்குப் போன மாலை. எம் மருமக கழுத்துல நான் போட்ட மாலை.

— இன்னும் முழுசா நேராகலண்ணே. பச்சைக் கோடு ஒரு நூலளவு மேல நிக்குது. இருங்க, அதையும் எறக்கி... இப்ப மூணும் ஒண்ணாயிருச்சு. சுத்த வெள்ளை.

— இது பிளாஸ்டிக்கு.

— என்னது?

— பிளாஸ்டிக் பூ. கார் கண்ணாடியில தொங்க விடுவாங்கல்ல, அது. காலை மல்லி சுத்த வெள்ளையா இருக்காது தாயி. காம்போரம் ஒரு பச்சை நிக்கும். அந்தப் பச்சை போனா எட்டு மணி போச்சு. ஒன் கோட்டச் சும்மா இருக்கச் சொல்லு.

— மெட்ராஸ்ல இப்படி விட்டா வையுவாங்க.

— மெட்ராஸ்ல மல்லிய ஐஸ் பெட்டியில பாத்தவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஏத்து, அந்த நூலளவு ஏத்து. ஆங்.

— சரி, எட்டு மணி. இப்பப் பிலிம் லுக்கப் போடுறேன், பாதியளவு. மாப்ளையப் பாருங்க.

— தங்கமாத்தான் இருக்கான். பூவு?

— நீங்கதான் சொல்லணும்.

— எட்டரை.

— அரை மணி நேரம் விடுங்கண்ணே, பூச்சுக்கு.

— விட்டேன். எட்டரைக்கு எவனும் நேத்துப் பூன்னு சொல்ல மாட்டான். தாயி, நீ நல்லா இருக்கணும். ஒன் கல்யாணத்துக்கு மாலை எங்கடையிலதான்.

— தும்மிக்கிட்டே தாலி கட்டிக்கவா?

— செவ்வந்தியில கட்டுறேன். அதுக்கும் தும்முவியா? சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. மாலைக்கு நடுவுல மரிக்கொழுந்து வச்சிருக்கேன் பாரு.

— இந்த எலையா?

— எலைங்குற! அது மரிக்கொழுந்து. அது ஏன் நீலமா இருக்கு? கொளத்துப் பாசியாட்டம்? வண்டியூர் தெப்பக்குளத்துல இருந்து அள்ளிக் கட்டுன மாதிரி இருக்கு.

— சொன்னேன்ல, பச்சை நீலத்துக்குச் சாயும்னு. மண்டபத்து ஊதா லைட்டும் சேந்து இழுத்துருக்கு. பச்சைய மட்டும் தனியாப் பிடிச்சு மஞ்சள் பக்கம் தள்ளணும். இந்தா... வருதா?

— வருது. இன்னும். இன்னும் இம்புட்டு. போதும், போதும். மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாயிருச்சு. ஒனக்கு மாலை மட்டுமில்ல, மேடையும் நானே போடுறேன்.

— ஐயோ.

— என்ன ஐயோ? தும்மலா?

— இல்ல, பின்னாடி நிக்கிறாங்கல்ல ஒங்க அக்கா, அவங்க சேலையும் சேந்து மாறிருச்சு. நீலச் சேலை பச்சையா ஆயிருச்சு. எலையப் பிடிக்கையில அதுவும் மாட்டிக்கிச்சு. பரவால்ல, அவங்க சேலைய மட்டும் ஒரு வட்டம் போட்டுத் திரும்ப நீலமாக்கிர்றேன். ரெண்டு நிமிசம்.

— தொடாத.

— இல்லண்ணே, கட்டியிருந்த சேலைய மாத்திட்டா அது அடுத்த வம்பு...

— கைய எடு தாயி. தொடாத.

— அண்ணே? என்னாச்சு? தண்ணி வேணுமா?

— கிட்டக்க காட்டு. அந்தச் சேலையக் கிட்டக்க காட்டு. பெருசாக்கு.

— இதுக்கு மேல பெருசாக்குனாப் புள்ளி புள்ளியாத் தெரியும்.

— தெரியட்டும். கரையக் காட்டு. முந்தியக் காட்டு.

— கரை மஞ்சளா இருக்கு. மாம்பழ... அண்ணே!

— ம்.

— கிளிப்பச்சையா?

— நீ எதுவும் தப்பாத் தள்ளலயே? பச்சையா இல்லாதத நீ பச்சையாக்கலயே? சத்தியமாச் சொல்லு.

— சத்தியத்த எதுக்குக் கேக்குறீங்க? பந்தியில எடுத்தது இருக்கு. அங்க ஊதா லைட்டு கெடையாது, வெறும் டியூப் லைட்டு. நான் இன்னும் எதுவும் பூசாதது. இந்தா, ரசம் ஊத்துற ஆளுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. பாருங்க.

— பச்சை.

— பச்சைதான். மூணு கோடும் சொல்லுது, பச்சை.

— கோட்ட விடு. எனக்குத் தெரியாதா? நான் எடுத்த சேலை.

— அப்ப நீங்க மண்டபத்துலயே பாத்துருப்பீங்களேண்ணே! காலைல இருந்து அங்கதான நின்னீங்க?

— தலைய நிமித்துனாத்தான பாக்குறதுக்கு. மாலையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன், வாடிருமோ வாடிருமோன்னு. அக்கா இருக்க பக்கம் கண்ண ஓட்டவே பயம். மேடையில அந்த ஊதா லைட்டுல அம்புட்டுச் சேலையும் ஒண்ணு போல. பந்தியில 'சாப்ட்டுப் போ'ன்னப்பக் கூட நான் எலையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

— பூவுல முக்கா மணி நேரம் கண்டுபிடிக்கிற ஆளு!

— ஏசு தாயி. நல்லா ஏசு.

— ஏசுறதுக்கு நேரமில்ல. இந்த ரெண்டு நிமிசத்தப் புதுசா எடுத்து ஒங்க அக்காவுக்கே அனுப்புறேன். அவங்க நம்பர்லதான் எல்லாம் அனுப்புறது.

— இப்பவேவா? இரு, இரு. என்னன்னு சொல்லி அனுப்புவ? நான் இங்க இருக்கேன்னு சொல்லிராத.

— 'கலர் திருத்தியது'ன்னு போடுறேன். வேற ஒண்ணும் இல்ல. போயிருச்சு.

— பாத்துட்டாங்களா?

— இப்பத்தான போயிருக்கு. உக்காருங்கண்ணே. ஐயோ, அந்த நாற்காலியில வேணாம்னேன்ல!

— ஆடட்டும். நானும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன். பாத்துட்டாங்களா?

— பாத்துட்டாங்க. ரெண்டாவது தடவ பாக்குறாங்க போல. ஒண்ணும் எழுதல... போன் வருது. அவங்கதான். ஸ்பீக்கர்ல போடுறேன், சத்தம் காட்டாதீங்க. ஹலோ, சொல்லுங்கம்மா.

— ஏம்மா செல்வி, இப்பத்தாம்மா என் சேலை என் சேலையா இருக்கு. மொத அனுப்புனதுல என்னத்துக்குடி அத நீலமாக்குன? அன்னைக்கே போன் போட்டுக் கத்தணும்னு இருந்தேன்.

— கத்தியிருக்கலாமேம்மா.

— எப்புடிக் கத்துறது? கேட்டா எதுக்குன்னு சொல்லணும். எந்தம்பி ஒருத்தன் இருக்கான், மாட்டுத்தாவணியில. அவன் குடுத்த சேலை. ஏழு வருசமா மடிப்புக் கலையாம வச்சிருந்து, அவன் பாக்கணும்னே கட்டுனேன். காலைல இருந்து அவனுக்கு முன்னாடி குறுக்கயும் நெடுக்கயும் நடந்தேன். பூவையே பாத்துக்கிட்டு நிக்கிறான் கூறுகெட்ட பய. சரி, நேர்லதான் பாக்கல, வீடியோவுலயாவது பாப்பான்னு இருந்தா, நீ நீலமாக்கிட்ட. எனக்கு வந்த ஆத்திரத்துல அவன் போன் போட்டாக் கூடக் கட் பண்ணி விட்டேன்.

— அம்மா, அவரு...

— அக்கா.

— யாரு? செல்வி, யாரு பக்கத்துல?

— நான்தான்க்கா. தங்கம்.

— தங்கமா?

— ஆமாக்கா.

— எங்கடா இருக்க நீயி?

— இங்கதான். ஒத்தக்கடையில, இந்தப் பிள்ளை ரூம்புல. பூவுக்கு நியாயம் கேக்க வந்தேன்.

— பூவுக்கு என்னடா நியாயம்?

— நேத்துப் பூன்னு குரூப்புல... மொக்கைச்சாமி அண்ணன்... பதினேழு பேரு சிரிச்சு... நீயும் அதுக்குத்தான் பேசலன்னு நெனச்சேன்க்கா.

— அந்தக் குரூப்ப எவ பாக்குறா? அதச் சத்தமில்லாமப் போட்டு ஆறு மாசம் ஆச்சு. நேத்துப் பூவா? மண்டபத்து வாசல்ல எறங்கும்போதே மணந்துச்சுடா. மாலையக் கழட்டி மூணு நாளு கதவுல போட்டிருந்தேன், வீடே மணந்துச்சு. மணக்குற பூவப் போயிப் பழசும்பேனா? என்னடா சத்தம் அது, அழுகுறியா?

— நான் இல்லக்கா. அந்தப் பிள்ளை தும்முது.

— ஹச்சு! அவரும் அழுகுறாரும்மா.

— அழுகட்டும். ஏழு வருசம் இருக்குல்ல. டேய், நாளைக்குப் பதினோரு மணிக்கு வீட்டுல இருக்கணும். பன்னெண்டு ஆச்சுன்னா எலை போட மாட்டேன். வாரப்ப எட்டு மொழம் மல்லி கொண்டா. காலைப் பூவா இருக்கணும்.

— வாரேன்க்கா. கண்டிப்பா வாரேன். அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒங்க வீட்டுப் பட்டு அந்த மாசமே பாத்திரக்காரன்ட்டப் போயி அண்டாவா வந்துருச்சுன்னு மொக்கைச்சாமி அண்ணன் சொன்னாரே. ஏழு வருசமா நான் அது இந்தச் சேலைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்.

— போட்டேன்டா, அண்டாவும் வாங்குனேன். ஒன் சேலையக் கேலி பண்ணுன அன்னைக்குச் சாயங்காலமே ஒன் மச்சானோட கல்யாணப் பட்டுவேட்டியத் தூக்கிப் பாத்திரக்காரன்ட்டப் போட்டுட்டேன், அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் பீரோவுல தேடிக்கிட்டிருக்காரு.